தீ அணைந்த காட்டிலிருந்து எழுந்த ‘புகை’: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் குழு ஒரு செயற்கைக்கோள் படத்தைத் தவறாகப் படித்த கதை இது. ஆட்களின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் விட்டுவிட்டேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. காட்டுத்தீப் புகையையும் புழுதிக்காற்றையும் படத்தில் பார்த்து அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு எங்கே சறுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் சறுக்கிய இடம் கண்ணுக்கு நேராகவே இருந்தது.

பின்னணி

மலைகளுக்கு நடுவே ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. மேற்குச் சரிவில் புதரும் மரமும் கலந்த காடு, அடிவாரத்தில் நெடுஞ்சாலை, அதற்கப்பால் தோட்டங்களும் சில சிற்றூர்களும். நாங்கள் மூன்று பேர். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று தினமும் இரண்டு காற்றுநிலை அறிவிப்புகள் எழுதுவோம். பள்ளிகளில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவதா, தோட்ட வேலையை எப்போது நிறுத்துவது, தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறை எந்தப் பக்கம் கண் வைப்பது என்பதையெல்லாம் அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

தரையில் எங்களுக்கு இருந்தவை இரண்டு. பள்ளத்தாக்கின் தெற்கு முனையில் பி.எம் 2.5 (2.5 மைக்ரானுக்குள் அடங்கும் நுண்துகள்), பி.எம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்) இரண்டையும் மணிக்கொரு சராசரியாகத் தரும் ஒரு நல்ல கருவி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஊர்களில் ஆங்காங்கே சுவரில் மாட்டிய, லேசர் ஒளியால் துகளை எண்ணும் மலிவான சென்சார்கள். மற்றபடி எல்லாம் வானத்திலிருந்துதான். பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்று 10 நிமிடத்துக்கு ஒரு படம் தரும். சூவோமி, நோவா-20, நோவா-21 ஆகிய மூன்று கோள்களில் இருக்கும் விஐஐஆர்எஸ் கருவியின் படங்கள் நுணுக்கமானவை. தீப்புள்ளியை 375 மீட்டர் அளவில் காட்டும். சென்டினல்-5பி கோளின் ட்ரோபோமி கருவி நாளுக்கு ஒரு முறை கார்பன் மோனாக்சைடையும், காற்றில் புகை, புழுதி போன்ற துகள் இருப்பதைக் காட்டும் புற ஊதா துகள் குறியீட்டையும் தரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சுற்றிவரும் இந்தக் கோள்கள் எல்லாமே உள்ளூர் நேரம் பிற்பகல் ஒன்றரையை ஒட்டிக் கடந்துவிடும். காற்று வலுப்பதோ அதற்கு அப்புறம். ஆக, பிற்பகல் 3 மணிக்கு நடப்பதைப் பார்க்கப் புவிநிலைக் கோள் ஒன்றுதான் மிச்சம். அதன் அகச்சிவப்புப் பிக்சல் 2 கிலோமீட்டர் அகலம். இது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை அந்த நேரத்தில் நினைவில் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

தீ எரிந்த நாட்கள்

மேற்குச் சரிவில் தீ பிடித்த முதல் நாள் படம் தெளிவாக இருந்தது. குறுகலான ஒரு முனையிலிருந்து கிளம்பி விசிறி போல விரியும் நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை. அதன் அடியில், தீயின் வெப்பத்தைக் காட்டும் 3.9 மைக்ரான் அலைநீளப் படத்தில் சுடும் பிக்சல்கள். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

புகைத்தாரை பள்ளத்தாக்கின் நடுவே நேராகப் போனது. சூரியன் ஆரஞ்சுப் பழம் மாதிரி தொங்கியது. ஆனால் சென்சார்கள் எல்லாம் சுத்தம் என்றன. செயற்கைக்கோள் பார்ப்பது தரையிலிருந்து வானம் வரைக்குமான மொத்தத் தூணை. அதில் எவ்வளவு நம் மூக்கு மட்டத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. புகை உயரத்தில் ஓடுகிறது, தரையில் பாதிப்பில்லை என்று எழுதினோம். அன்றைக்கு அது சரியான வரி.

மறுநாள் காலையும் அதையே எழுதினோம். அங்கேதான் பிசகியது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் மூடி போட்ட மாதிரி தங்கிவிடும். மேலே இருக்கும் புகைக்கும் கீழே இருக்கும் நமக்கும் நடுவில் அந்த மூடி நிற்கும். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று கொதித்து மேலும் கீழும் புரள, மூடி உடைந்து, மேலே இருந்த புகை கீழே இறங்கிவிடும். அன்று முற்பகலில் எல்லா ஊர்ச் சென்சார்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏறின. பக்கவாட்டில் புகை நகர்ந்து வந்திருந்தால் முதலில் ஒரு ஊர், பிறகு அடுத்த ஊர் என்று வரிசையாக ஏறியிருக்கும். ஒன்றாக ஏறினால் மேலிருந்து இறங்குகிறது என்று பொருள். பிள்ளைகள் அப்போது மைதானத்தில் இருந்தார்கள்.

அதே நாளில் இன்னொரு சின்ன விஷயம். துகள் அடர்த்தியைக் கணக்கிட்டுத் தரும் வரைபடத்தில், புகை மிகத் தடித்த இடம் வெறுமையாக இருந்தது. கணிப்பு நிரல் அதை மேகம் என்று நினைத்து விலக்கிவிட்டது. தடித்த புகையிலும் தடித்த புழுதியிலும் இது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் ஒரு பள்ளியில் அந்த வெள்ளைத் திட்டை ‘சுத்தமான காற்று’ என்று படித்திருக்கிறார்கள். வரைபடத்தை விளக்கம் இல்லாமல் அனுப்பியது நாங்கள்.

பெற்றோர்களின் கோபம் நியாயமானது. அடுத்த முறை தாமதிக்கக் கூடாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு பின்னால் செய்த வேலையை நான் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். ஒரு பக்கம் தவறியவர் அடுத்த முறை மறுபக்கம் சாய்ந்தே நிற்பார்.

சில நாட்களில் தீ கட்டுக்குள் வந்தது. இரவு நேர விஐஐஆர்எஸ் படங்களில் தீப்புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. சரிவு முழுக்கக் கருந்தழும்பு. மழை ஒரு துளி இல்லை.

அந்தப் பிற்பகல்

கடைசித் தீப்புள்ளி மறைந்து பன்னிரண்டாம் நாள். வறண்ட காற்றுமுகம் (புதிதாக வரும் காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்து போகும் என்று முன்னறிவிப்பு இருந்தது. ஒன்றரை மணிக் கோள்கள் கடந்தபோது வானம் துப்புரவாக இருந்தது. நாங்களும் காலை அறிவிப்பில் ‘காற்றுநிலை நன்று’ என்று எழுதியிருந்தோம்.

2 மணி 40 நிமிடப் படத்தில் கருந்தழும்பின் உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தாரை கிளம்பியிருந்தது. அடுத்த படத்தில் நீண்டது. அதற்கடுத்த படத்தில் நெடுஞ்சாலையைத் தாண்டியது. சரியாக அந்த நேரம் பார்த்து, மலைமுகட்டிலிருந்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, காடு மறுபடியும் பற்றிக்கொண்டது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார். எரிந்த காட்டிலிருந்து சாம்பல் நிறமாக ஏதோ எழுந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

எங்களில் ஒருவர் 3.9 மைக்ரான் படத்தைத் திறந்தார். சுடும் பிக்சல் எதுவும் இல்லை. அப்போது எங்களுக்குள் ஒரு வாதம் ஓடியது, அதை அப்படியே பதிகிறேன். கருகிய தரை வெயிலில் ஏற்கெனவே தகிக்கும், 2 கிலோமீட்டர் பிக்சலுக்குள் சின்னத் தீ மறைந்து போகும், அதனால் வெப்பம் தெரியவில்லை என்பது தீ இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வாதத்தில் பிழையே இல்லை. ஆனால் அதே வாதப்படி அது தீ இருப்பதற்கும் சாட்சி ஆகாது. அந்த இரண்டாம் பாதியை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அடுத்து ஊர்ச் சென்சார்கள். பி.எம் 2.5 கொஞ்சம் மட்டும் ஏறியிருந்தது. படத்தில் இவ்வளவு தடிப்பு, தரையில் இவ்வளவு குறைவா? ‘போன தடவை மாதிரியே புகை மேலே ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கும்’ என்று முடிவு கட்டினோம். பழைய பாடத்தைப் புதிய பரீட்சையில் எழுதிய கதை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

3 மணி 10 நிமிடத்துக்கு அறிவிப்பு போனது. காட்டில் மறுபடியும் தீ பிடித்திருக்க வாய்ப்பு, புகை கிழக்கே நகர்கிறது, கிழக்கு ஊர்களில் சன்னல்களை மூடுங்கள், பள்ளிகள் பிள்ளைகளை உள்ளே வைத்திருங்கள், வெளியே போகிறவர்கள் என்95 முகக்கவசம் போடுங்கள். தீயணைப்பு அறைக்குத் தனியாக ‘மறு தீ’ என்ற சொல்லோடு செய்தி சொன்னோம்.

கிழக்கு என்று சொன்னது கணிப்பு மாதிரியை வைத்து. காற்றின் பாதையைக் கணிக்கும் நிரலில் துகள் எந்த உயரத்தில் கிளம்புகிறது என்று நாம்தான் கொடுக்க வேண்டும். சூடான தீ புகையை உயரத் தூக்கும் என்பதால் 1,500 மீட்டர் கொடுத்தோம். அந்த உயரத்தில் காற்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது. தரையை ஒட்டிய காற்று தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது. எண்ணை நாங்கள் போட்டோம், திசையை அது சொன்னது.

இந்த முடிவு எடுத்ததற்கு மூன்று காரணங்களைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தோம்: கண்ணால் கண்டவர் ஒருவர் சொன்னது, தாரையின் நிறம், அது கிளம்பிய இடம். மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்பதை இப்போது பார்க்கும்போது கவனிக்கிறேன். எரிந்த காட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ எழுகிறது. நிறம் கண்ணால் பார்த்தவருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். தனித்தனிச் சாட்சிகள் போலத் தோன்றியது ஒரே சாட்சியின் மூன்று குரல்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2009 செப்டம்பர் 23 அன்று சிட்னி நகரம் செக்கச்சிவந்த வானத்தில் விழித்தது. அது கண்டத்தின் உள்ளேயிருந்து வந்த புழுதி. 2023 ஜூன் மாதம் நியூயார்க்கின் வானம் ஆரஞ்சானது. அது கனடாவின் காட்டுத்தீப் புகை. தரையில் நின்று பார்த்தவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காட்சி. மேலிருந்து பார்த்தால் வழக்கமாகப் புழுதி பழுப்பு, புகை நீலச்சாம்பல் என்று பிரிக்கலாம். ஆனால் கருகிய நிலத்திலிருந்து கிளம்பும் புழுதியில் சாம்பலும் கரித்தூளும் கலந்திருக்கும். அதன் நிறம் புகையின் நிறத்துக்கு மிக நெருக்கம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

எங்களில் வயதில் இளையவர்தான் முதலில் நிறுத்தினார். மற்ற இருவரும் கடைசிப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பிற்பகல் முழுவதையும் அசைபடமாக ஓட்டினார். தாரையின் வேர் ஒரு புள்ளியாக இல்லை என்றார். உண்மைதான். தழும்பின் மேற்கு விளிம்பு நெடுக, ஓடைப் பள்ளங்கள் திறக்கும் இடங்களில், ஐந்தாறு இழைகள் ஒரே படத்தில் ஒன்றாகக் கிளம்பியிருந்தன. எல்லாம் காற்றுக்கு இணையாக ஓடின. தீ ஒரு இடத்தில் தொடங்கிப் பரவும். ஒரே நேரத்தில் ஐந்தாறு இடங்களில் தொடங்க வேண்டுமானால் யாராவது போய் வைத்திருக்க வேண்டும். அதுவும் முதல் பலத்த காற்று தொட்ட அதே பத்து நிமிடத்துக்குள்.

அப்புறம் 2.2 மைக்ரான் படம். புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியது. நீல ஒளியைப் பலமாகச் சிதறடிக்கும். 2.2 மைக்ரான் போன்ற நீண்ட அலைக்கு அது கிட்டத்தட்டக் கண்ணாடி. அடியில் இருக்கும் தரை அப்படியே தெரியும். புழுதித்துகள் பருமனானது, அந்த அலையையும் மறைக்கும். எங்கள் தாரை 2.2-இல் மறையவில்லை. கருத்த தரையின் மேல் வெளிறிய பட்டையாக நின்றது.

புழுதிக்கென்றே ஒரு வெப்பப்படச் சோதனை உண்டு. மண்ணில் இருக்கும் சிலிக்கேட் 11 மைக்ரான் பக்கத்து வெப்பக்கதிரை 12 மைக்ரான் பக்கத்தைவிட அதிகம் உறிஞ்சும். இரண்டு அலைகளிலும் அளந்த வெப்பநிலையைக் கழித்தால் புழுதி இருக்கும் இடத்தில் எதிர்மறை எண் வரும். மெல்லிய பனிமேகத்தில் எண் மறுபக்கம் போகும். இதை வைத்துத்தான் புழுதியை இளஞ்சிவப்பாகக் காட்டும் நிறக்கலவைப் படம் செய்கிறார்கள். நாங்கள் அதை முதலிலேயே திறந்திருந்தோம், இளஞ்சிவப்பு மிக மங்கலாக இருந்தது, மூடிவிட்டோம். மங்கியதற்குக் காரணம் இருந்தது. புழுதி தரையை ஒட்டி ஓடினால் அதன் வெப்பத்துக்கும் தரையின் வெப்பத்துக்கும் வித்தியாசம் குறைவு, சமிக்ஞையும் குறையும். இளையவர் முந்தின தெளிவான நாளின் அதே நேரத்துப் படத்தை எடுத்து, இன்றையதிலிருந்து கழித்துப் பார்த்தார். தரையின் சொந்தக் குணம் கழிந்து போக, இழைகள் ஒவ்வொன்றும் தெளிவாக வந்தன.

இதற்குள் தெற்குக் கருவியின் 4 மணி அளவு வந்தது. பி.எம் 10 பல மடங்கு ஏறியிருந்தது, பி.எம் 2.5 அதன் பக்கத்தில் சிறு பங்கு. காட்டுப்புகையாக இருந்தால் பி.எம் 10-இன் பெரும்பகுதி பி.எம் 2.5-ஆகவே இருக்கும். மலிவு சென்சார்கள் ஏன் சும்மா இருந்தன என்பதும் அப்போது விளங்கியது. அந்த லேசர் வகை புகையை அதிகமாகவே காட்டும். பருமனான புழுதியை ஏறக்குறைய தவறவிடும். தரையில் புழுதி இருந்தது, எங்கள் கண்களுக்கு அது தெரியவில்லை.

கடைசியாக ஒரு தொலைபேசி. நெடுஞ்சாலை ஓரப் பழக்கிடங்கில் தெரிந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, புகை நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டோம். ‘லேசா சாம்பல் வாடை வருது. அத விடுங்க, எதிர்ல நிக்கிற வண்டியே தெரியல. பல்லெல்லாம் நறநறன்னு இருக்கு’ என்றார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் படங்களோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு அவர் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டார்.

இரண்டாம் அறிவிப்பு

5 மணி கால் வாக்கில் இரண்டாவது அறிவிப்பை எழுதினோம். முந்தைய அறிவிப்பு தவறு, இது எரிந்த நிலத்திலிருந்து கிளம்பும் புழுதியும் சாம்பலும், தென்கிழக்கே போகிறது, முதல் ஆபத்து சாலையில் பார்வை மறைவது. ‘தவறு’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘புதுப்பிக்கப்பட்ட தகவல்’ என்று போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கிழக்கு ஊர்களில் சன்னலை மூடிக்கொண்டு இருப்பவர்களுக்கு ஏன் திறக்கலாம் என்று தெரிய வேண்டும். புதுப்பிப்பு என்று எழுதினால் இரண்டு அறிவிப்பும் உண்மை என்று நினைப்பார்கள்.

புகை, புழுதி எதுவானாலும் துகள்தானே, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மூச்சு நோய் உள்ளவர்களுக்கான அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். மற்றதெல்லாம் வேறு. உயரே ஓடும் புகையில் வண்டி ஓட்டலாம். தரையோடு வரும் புழுதிச்சுவரில் வண்டியைச் சாலையை விட்டு முழுதாக ஒதுக்கி, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதைச் சாலை என்று நினைத்துப் பின்தொடர்ந்து வந்து மோதுவார். சாலையை மூடும் முடிவு எங்கள் முதல் அறிவிப்பில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

பின்விளைவு

நெடுஞ்சாலையில் நாலு மணியை ஒட்டி மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. காயங்கள் உண்டு, உயிர்ச்சேதம் இல்லை. நாங்கள் சொன்ன ‘மறு தீ’யைத் தேடி முகட்டுச் சாலையில் ஏறிய தீயணைப்பு வண்டி ஒன்று கண் தெரியாமல் ஓரத்தில் இறங்கி நின்றது. உள்ளே இருந்தவர்கள் நடந்து திரும்பினார்கள். கிழக்கு ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தேவையில்லாமல் பூட்டி வைத்தார்கள். தென்கிழக்கு ஊர்களில், உள்ளே இருக்க வேண்டிய பிள்ளைகளை உள்ளே வைக்கவில்லை.

மாலையில் இன்னொரு தடுமாற்றம் வரப் பார்த்தது. சூரியன் சாய்ந்த பிறகு தாரை இன்னும் தடித்த மாதிரி படத்தில் பளபளத்தது. துகள்கள் ஒளியை முன்பக்கமாக அதிகம் சிதறடிப்பதால், தாழ்ந்த வெயில் எதிரிலிருந்து வரும்போது மெல்லிய படலமும் தடிப்பாகத் தெரியும். மணிக்கணக்குக் கருவி அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை படத்தைவிட அதை நம்பினோம்.

இருட்டிய பிறகு காற்று அடங்கியது. அசைபடத்தின் வெப்ப அலையில் பார்த்தபோது தாரை வேரிலிருந்து அறுந்து நகர்ந்து போனது. தீயாக இருந்தால் இரவெல்லாம் புகைந்து, பள்ளங்களில் தேங்கியிருக்கும். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குக் கடந்த விஐஐஆர்எஸ் தழும்புக்குள் ஒரு தீப்புள்ளியும் காட்டவில்லை. மறுநாள் ட்ரோபோமி படத்தில் பள்ளத்தாக்கின் மேல் கார்பன் மோனாக்சைடு வழக்கமான அளவில்தான் இருந்தது. எரிதல் இருந்தால் அந்த வாயு கூடவே வரும். வளிமண்டலத்தில் ஒன்றிரண்டு மாதம் தங்கும். மண் பறந்தால் வராது. புற ஊதா குறியீட்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் தரையை ஒட்டிய படலத்தை அந்தக் குறியீடு சரியாக உணராது.

லிடார் இருந்தால் இத்தனை சுற்று வேண்டாம். லேசர் துடிப்பை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்த்தால் உயரம் கிடைக்கும். உருண்டையான புகைத்துகள் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, கலைக்காது, கோணல்மாணலான புழுதி கலைக்கும். ஆக வகையும் கிடைக்கும். 2006 முதல் இதைச் செய்துவந்த கலிப்சோ கோள் 2023-இல் ஓய்வு பெற்றது. 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அவை பார்ப்பது நூல் போன்ற ஒரு கோட்டை மட்டும். நமக்குத் தேவைப்படும் பிற்பகலில் நம் பள்ளத்தாக்கின் மேல் அந்தக் கோடு விழுவது அதிர்ஷ்டம்.

நிலத்தைப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னது படத்தோடு பொருந்தியது. மண்ணைப் பிடித்திருந்த புல்லும் சருகும் எரிந்து போயிருந்தன. தீத்தடுப்புக் கோடு வெட்டிய கனரக வண்டிகள் மேல்மண்ணின் பொருக்கை உடைத்துவிட்டிருந்தன. இழைகள் கிளம்பிய இடங்களில் பாதிக்கு மேல் அந்தக் கோடுகள் ஓடையைக் குறுக்கே வெட்டிய இடங்கள். பொருக்கு உடைந்த மண்ணை எழுப்ப அதுவரை தேவைப்பட்ட காற்றில் பாதி போதும் போல.

இப்போது மாற்றியிருப்பவை

தழும்பின் எல்லை எல்லாப் படத்திலும் கோடாகப் போட்டிருக்கிறோம். அதற்குள்ளிருந்து எது கிளம்பினாலும் முதல் அறிவிப்பில் புகை என்றும் எழுதுவதில்லை, புழுதி என்றும் எழுதுவதில்லை. ‘துகள் தாரை, வகை உறுதியாகவில்லை’ என்று எழுதி, சாலைப் பார்வை பற்றிய எச்சரிக்கையை அதிலேயே சேர்க்கிறோம். மொட்டையான வரிதான். படிப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்று புகார் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

பாதைக் கணிப்பை ஒரே உயரத்தில் ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். தரை, 500 மீட்டர், 1,500 மீட்டர் என்று மூன்று. மூன்றும் வெவ்வேறு திசை காட்டினால் மூன்று பக்கத்து ஊர்களுக்கும் சொல்கிறோம். தெளிவான நாட்களின் படங்களை மணி வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம், கழித்துப் பார்ப்பதற்கு. தெற்குக் கருவியின் அளவை மணிக்கணக்கில் காத்திருக்காமல் சில நிமிடச் சராசரியாகப் பெற ஏற்பாடு செய்தோம். எண் கொஞ்சம் குதிக்கும், பரவாயில்லை, எங்களுக்கு வேண்டியது இரண்டு துகள் அளவுகளின் விகிதம்.

தொலைபேசிப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. கிடங்கு அம்மா அதில் முதல் பெயர். கேள்வியை மாற்றிக்கொண்டோம். ‘புகை இருக்கிறதா’ என்று கேட்டால் இருக்கிறது என்றே பதில் வரும். ‘அங்கே எப்படி இருக்கிறது’ என்று மட்டும் கேட்டு வாயை மூடிக்கொள்வது எங்களில் மூத்தவருக்கு இன்னும் கைவரவில்லை. மூத்தவர் நான்தான்.

மாற்றாமல் வைத்ததும் ஒன்று உண்டு. தீயணைப்பு அறைக்கு உடனே சொன்னதைத் தவறு என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. உண்மையான மறு தீயை மூன்று மணி நேரம் தள்ளிப்போட்டால் விளைவு இதைவிட மோசம். சொன்ன வார்த்தையைத்தான் மாற்றினோம். ‘மறு தீ’ என்பதற்குப் பதில் ‘தாரை தெரிகிறது, வெப்பம் தெரியவில்லை, வேர் அகலமானது’ என்று பார்த்ததை மட்டும் சொல்கிறோம். வண்டியை அனுப்புவதா, முகட்டில் ஆளை நிறுத்திப் பார்ப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அடுத்த சில வாரங்களில் தழும்பு இரண்டு முறை மறுபடியும் பறந்தது. இரண்டு முறையும் அரை மணிக்குள் வகை சொன்னோம், சாலையை மூடினார்கள். மூன்றாவது தடவை ஒரு காலை நேரம், காற்றே இல்லை. தழும்பின் வடக்கு ஓரத்தில் நூல் மாதிரி ஒரு தாரை, ஒரே புள்ளியிலிருந்து. எல்லோரும் புழுதி என்று சொல்லப் பழகியிருந்தோம். 2.2 மைக்ரானில் அது தெரியவே இல்லை. அன்று காலைக்கு முந்தின நள்ளிரவு விஐஐஆர்எஸ் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் ஒரே ஒரு தீப்புள்ளி. ஆட்கள் போய்த் தோண்டினார்கள். எரிந்த மரத்தின் வேர் ஒன்று மண்ணுக்கடியில் அத்தனை வாரமும் கனிந்துகொண்டிருந்தது.